மார்த்தாண்டத்து ஓஇடி ரைட்டிங் வகுப்பு: "இந்தத் துண்டு ஆருக்க?"

"ஷி வாஸ் பிராட் இன் பை ஹெர் டாட்டர் வித் எ ஃபிராக்சர்ட் ஹிப்." இடுப்பு எலும்பு முறிந்தது அம்மாவுக்கா, மகளுக்கா? கட்டில் பக்கத்தில் நிற்பவருக்கு இந்தச் சந்தேகம் வராது. கடிதத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் டாக்டருக்கு வரும். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸுகளும் டாக்டர்களும் எழுதும் ஆங்கிலத் தேர்வு ஓஇடி. அதன் ரைட்டிங் பகுதியில் எழுதச் சொல்வது அப்படிப்பட்ட ஒரு கடிதத்தைத்தான். அதை வாசிக்கப் போகிறவர் நோயாளியைப் பார்த்திருக்கவே மாட்டார்.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தை ஒட்டிய ஒரு மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ரைட்டிங் வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், கட்டணம் 6,000 ரூபாய். அச்சடித்த பயிற்சிப் புத்தகமும், பத்துக் கடிதங்களைத் திருத்தித் தருவதும் அதற்குள் அடக்கம். குறைகளை விரிவாகச் சொல்லியிருப்பதால் பெயர் போடவில்லை. நாகர்கோவில், தக்கலை, கருங்கல் என்று மாவட்டம் முழுக்க ஓஇடி போர்டு தொங்குகிறது. எந்த வகுப்பில் சேர்ந்தாலும் அங்கே என்ன கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

தேர்வு எப்படி என்பதை முதலில் சொல்லிவிடலாம். ரைட்டிங் பகுதிக்கு மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் கேஸ் நோட்ஸை வாசிக்க மட்டும், பேனாவைத் தொடக்கூடாது. அடுத்த 40 நிமிடத்தில் ரெஃபரல், டிஸ்சார்ஜ் அல்லது டிரான்ஸ்ஃபர் லெட்டர் ஒன்று, ஏறக்குறைய 180 முதல் 200 சொற்களுக்குள். மதிப்பெண் ஆறு தலைப்பில் வரும். கடிதத்தின் நோக்கத்துக்கு 3. உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், கடித நடை, அமைப்பு, மொழி ஆகிய ஐந்துக்கும் தலா 7. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ரைட்டிங்கில் சி பிளஸ், அதாவது 300 கேட்கிறது. மற்ற மூன்று பகுதிகளிலும் பி, அதாவது 350.

பெரும்பாலான வகுப்புகள் செய்வது மாதிரி வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைப்பது. "ஐ ஆம் ரைட்டிங் டு ரெஃபர்" என்று தொடங்கும் முதல் வரிக்கும், "ப்ளீஸ் டு நாட் ஹெசிடேட்" என்று முடியும் கடைசி வரிக்கும் அது போதும். நடுவில் வரும் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை நோட்ஸிலிருந்து நாமே கட்ட வேண்டும். மதிப்பெண் கரைவது அங்கேதான். இந்த வகுப்பு தன் நேரத்தில் பெரும்பகுதியை அந்த நடுப்பகுதிக்குச் செலவிடுகிறது. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

கேஸ் நோட்ஸில் வாக்கியம் இருக்காது. "78 வயது. மகளுடன் வசிக்கிறார். 12 மார்ச்: பாத்ரூமில் விழுந்தார். இடது இடுப்பு முறிவு. வார்ஃபரின்: அறுவைக்கு 5 நாள் முன் நிறுத்தம்." ஒவ்வொரு தகவலும் தனி வரியில் நிற்கும், வரி மாறும்போதே எது எதோடு சேரும் என்று தெரிந்துவிடும். அவற்றை ஒரே வாக்கியமாகக் கோர்க்கும்போது அந்த வரிப்பிரிவு மறைந்துபோகிறது. அதற்குப் பிறகு எந்தத் தகவல் எந்தப் பெயரோடு ஒட்டுகிறது என்பதை இடம் மட்டுமே சொல்லும். தமிழில் மகளால், மகளோடு, மகளை, மகளுக்கு என்று உருபு சொல்லோடு ஒட்டியே இருக்கிறது. சொல்லை முன்பின் தள்ளினாலும் யார் என்ன செய்தார் என்பது பெரிதாக மாறாது. ஆங்கிலத்தில் அந்த வேலையின் பெரும்பங்கை இடம் செய்கிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் எழுவாயையும் வினையையும் முதலில் போட்டுவிட்டு, மிச்சமுள்ள எல்லாவற்றையும் நினைவு வந்த வரிசையில் கடைசியில் கொட்டுகிறார்கள். "ஷி வாஸ் அட்மிட்டட் வித் செஸ்ட் பெயின் பை ஆம்புலன்ஸ் வித் ஹெர் சன் ஆன் ஃப்ரைடே அட் டென் பிஎம் டியூ டு..." என்று நீளும் வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் சரியாகவே இருக்கும். வாக்கியம் நிற்காது.

தமிழுக்கு இந்தக் குழப்பமே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. முதல் வாரத்தில் டீச்சர் பலகையில் எழுதும் முதல் வாக்கியமே தமிழ்தான்: "நேற்று வந்த நோயாளியின் மகன்." நேற்று வந்தது நோயாளியா, மகனா? இரண்டு நிமிடம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். பிரச்சினை என்னவென்று சொந்த மொழியில் பிடிபட்ட பிறகே ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். நல்ல தொடக்கம்.

அதன்பின் எட்டு வாரமும் ஒரே கேள்விதான். வாக்கியத்தின் கடைசியில் தொங்கும் ஒவ்வொரு தொடருக்கும் கீழே கோடு போட்டு, "இந்தத் துண்டு ஆருக்க, மக்களே?" என்று டீச்சர் கேட்பார். இந்தப் பக்கத்துப் பேச்சில் "ஆருக்க" என்றால் யாருடையது. பாறசாலைப் பக்கமிருந்து வருபவர்களுக்கும் விளவங்கோட்டுக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி ஒருசேரப் புரிகிறது. வித், ஃபார், பை, இன், ஆன், ஆஃப்டர், டியூ டு, ஹூ, விச், ஒன்லி ஆகிய பத்துச் சொற்களைப் புத்தகத்தின் உள்ளட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். இவற்றில் ஏதாவது வந்தால் அங்கே நிறுத்து. அது தொடங்கும் தொடரை வட்டமிடு. அது யாருக்கு உரியதோ அந்தச் சொல் வரை கோடு இழு. போகிற வழியில் வேறொரு பெயரோ வினையோ குறுக்கே வந்தால் தொடரை இடம் மாற்று, அல்லது வாக்கியத்தை உடை. கோடு போய்ச் சேர வாக்கியத்தில் ஆளே இல்லையென்றால் ஆளை எழுதிச் சேர்.

தொடக்கத்தில் பார்த்த வாக்கியத்தில் "வித் எ ஃபிராக்சர்ட் ஹிப்" அம்மாவைச் சேர வேண்டும். நடுவில் மகள் நிற்கிறாள். "மிஸஸ் மேரி, ஹூ ஹாஸ் எ ஃபிராக்சர்ட் ஹிப், வாஸ் பிராட் இன் பை ஹெர் டாட்டர்" என்று எழுதினால் கோடு எதையும் தாண்டாது. இங்கே பலர் செய்யும் குறுக்குவழி, வாக்கியத்தை இரண்டாக உடைத்து இரண்டாவதை "ஷி ஹேட் எ ஃபிராக்சர்" என்று தொடங்குவது. அது பலிக்காது. இரண்டு பேரும் பெண்கள். அந்த "ஷி" யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும். உடைத்தால் பெயரைத் திரும்பச் சொல்லியாக வேண்டும்.

இடப்பெயர் வரும் வாக்கியங்களுக்கு உள்ளூர் ஊர்களையே எடுத்துக்கொள்கிறார்கள். "ஷி மெட் த டாக்டர் ஹூ ஹேட் டிரீட்டட் ஹெர் அட் தக்கலை." சிகிச்சை தக்கலையில் நடந்தது என்றுதான் இதை வாசிப்போம். சந்திப்பு தக்கலையில் என்றால் "அட் தக்கலை" முன்னால் வர வேண்டும்: "அட் தக்கலை, ஷி மெட் த டாக்டர் ஹூ ஹேட் டிரீட்டட் ஹெர்." ஊர் பழகியது என்பதால் மாணவிகள் வாக்கியத்தை விட்டு விலகாமல் யோசிக்கிறார்கள்.

வகுப்பின் உச்சம் மூன்றாம் வாரம். அன்று முழுக்கக் காலத்தைக் காட்டும் தொடர்கள். "ஹி வாஸ் அட்வைஸ்டு டு ஸ்டாப் வார்ஃபரின் ஃபைவ் டேஸ் பிஃபோர் சர்ஜரி." ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வார்ஃபரின், அறுவை சிகிச்சைக்கு ஐந்து நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வது வழக்கம். இந்த வாக்கியத்தில் அறுவைக்கு ஐந்து நாள் முன்பு நடந்தது என்ன? நிறுத்தியதா, நிறுத்தச் சொன்னதா? சொன்னது அன்றைக்குத்தான் என்றால் அவர் எப்போது நிறுத்தினார் என்பதே கடிதத்தில் இல்லை. வாசிக்கும் சர்ஜன் போன் போட்டுக் கேட்டாக வேண்டும். இதில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. கணினியில் சிவப்புக் கோடும் விழாது. தகவல் மட்டும் தவறிப்போகிறது.

தீர்வு இரண்டு வழியில் வருகிறது. அறிவுரை சொன்ன நாளைக் குறிக்க வேண்டுமென்றால் தொடரை முன்னால் கொண்டுபோ: "ஃபைவ் டேஸ் பிஃபோர் சர்ஜரி, ஹி வாஸ் அட்வைஸ்டு டு ஸ்டாப் வார்ஃபரின்." நிறுத்த வேண்டிய நாளைக் குறிக்க வேண்டுமென்றால் "தட்" போட்டுத் தனித் துணைவாக்கியமாக்கி அதற்குள் அடை: "ஹி வாஸ் அட்வைஸ்டு தட் வார்ஃபரின் ஷுட் பி ஸ்டாப்டு ஃபைவ் டேஸ் பிஃபோர் சர்ஜரி." ஷுட் பி ஸ்டாப்டு பக்கத்திலேயே இருப்பதால் காலம் அதோடு போய்விடும். இந்த "தட்" வழியைத் தெளிவாகச் சொல்லித் தருவதற்காகவே மூன்றாம் வார வகுப்புக்குப் போகலாம்.

இதே குடும்பத்தில் இன்னொன்று. "ஷி வாஸ் அட்வைஸ்டு டு ரிட்டர்ன் ஃபார் ரிவ்யூ ஆன் மண்டே." திங்கட்கிழமை சொன்னார்களா, திங்கட்கிழமை வரச் சொன்னார்களா? "ஆன் மண்டே"யை முன்னால் வைத்தால் முதல் பொருள் உறுதிப்படும். இரண்டாவதுதான் வேண்டுமென்றால் வினையையே மாற்றுவது நல்லது: "ஹெர் நெக்ஸ்ட் ரிவ்யூ இஸ் ஆன் மண்டே." மூன்று சொல் குறைவு, சந்தேகமும் இல்லை. சொல் எண்ணிக்கை இறுக்கமாக இருக்கும் தேர்வில் இது இரட்டை லாபம். காலமும் இடமும் சேர்ந்து வரும்போது எப்படி, எங்கே, எப்போது என்ற வரிசை. காலத்துக்குள் மணி முதலில், நாள் பிறகு. "அட் டென் பிஎம் ஆன் ஃப்ரைடே." இதற்கு மேல் அங்கே தயங்க வேண்டியதில்லை.

நடுவில் நின்று இருபுறமும் பார்க்கும் சொற்களும் உண்டு. "பேஷண்ட்ஸ் ஹூ டேக் திஸ் டேப்லெட் ஆஃபன் ஃபீல் டிஸி." அடிக்கடி சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றலா, சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி தலைசுற்றலா? மருந்தளவைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்ற முடிவு இதைப் பொறுத்தது. "ஹூ ஆஃபன் டேக்" என்றோ, வாக்கியத்தின் கடைசியில் "டிஸி குவைட் ஆஃபன்" என்றோ ஒருபக்கமாகத் தள்ளிவிட வேண்டும்.

நான்காம் வாரம் ஆளில்லாத தொடர்கள். "ஆஃப்டர் டேக்கிங் த டேப்லெட், த டாக்டர் மெஷர்ட் ஹெர் பிளட் பிரஷர்." ஆங்கில வாசகர் காற்புள்ளிக்குப் பிறகு வரும் முதல் பெயரையே செய்தவராக எடுத்துக்கொள்வார், அதன்படி மாத்திரை சாப்பிட்டது டாக்டர். "வாக்கிங் டு த பாத்ரூம், ஹெர் ஐவி லைன் கேம் அவுட்" என்றால் பாத்ரூமுக்கு நடந்தது டியூப். நம் கடிதங்களில் இது அடிக்கடி விழக் காரணம் செயப்பாட்டு வினை. வாஸ் அட்வைஸ்டு, வாஸ் கமென்ஸ்டு ஆன், வாஸ் கிவன் என்று எழுதிப் பழகியதால் செய்தவர் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறார். செய்யப்பட்டவரும் பின்னாலேயே தொலைந்துபோகிறார். "ஹேவிங் பீன் கமென்ஸ்டு ஆன் ஆன்டிபயாட்டிக்ஸ், த ஃபீவர் சப்சைடட்." ஆன்டிபயாட்டிக் தொடங்கியது காய்ச்சலுக்கு! "ஆஃப்டர் ஹி வாஸ் கமென்ஸ்டு ஆன் ஆன்டிபயாட்டிக்ஸ், த ஃபீவர் சப்சைடட்" என்று "ஹி"யை உள்ளே வைத்தால் சரியாகிவிடும்.

"பீயிங் எ டயபெட்டிக், ப்ளீஸ் மானிட்டர் ஹெர் ஷுகர்" என்பது நம் மருத்துவமனைகளில் அன்றாடம் எழுதும் வாக்கியம். சொல்லப்போனால், கடிதம் பெறும் நர்ஸுக்கே சர்க்கரை என்றாகிறது. "ஆஸ் ஷி இஸ் டயபெட்டிக்" என்றால் தீர்ந்தது. ஆனால் "ஆன் எக்ஸாமினேஷன், ஹெர் அப்டமன் வாஸ் சாஃப்ட்" சரிதான். எக்ஸாமினேஷன் பெயர்ச்சொல், அதற்குச் செய்பவர் தேவையில்லை. அதையே "ஆன் எக்ஸாமினிங்" என்று எழுதினால் வயிறு யாரையோ பரிசோதிக்கிறது. இந்த வேறுபாட்டை டீச்சர் ஐந்தே நிமிடத்தில் சொல்லிக் கடந்துவிட்டார். அரை மணி நேரமாவது எடுத்திருக்க வேண்டும்.

ஒன்லி, ஆல்மோஸ்ட், ஈவன், ஜஸ்ட் முதலிய சிறு சொற்களுக்கு ஒரு முழு வகுப்பு. "ஒன்லி த நர்ஸ் கேவ் இன்சுலின் அட் நைட்" என்றால் வேறு யாரும் கொடுக்கவில்லை. "த நர்ஸ் கேவ் ஒன்லி இன்சுலின் அட் நைட்" என்றால் வேறு மருந்து கொடுக்கவில்லை. "த நர்ஸ் கேவ் இன்சுலின் ஒன்லி அட் நைட்" என்றால் பகலில் கொடுக்கவில்லை. பேசும்போது குரலை அழுத்தினால் போதும். காகிதத்தில் அழுத்தம் கிடையாது. "ஷி ஆல்மோஸ்ட் டிராங்க் டூ லிட்டர்ஸ்" என்றால் குடிக்கப் போனாள், குடிக்காமலும் இருந்திருக்கலாம். "ஷி டிராங்க் ஆல்மோஸ்ட் டூ லிட்டர்ஸ்" என்றால் உள்ளே போனது 1,900 மில்லி போல. இன்டேக் சார்ட் எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றாகாது. "ஹி டிட் நாட் ஸ்பீக் கிளியர்லி" என்றால் பேச்சு குழறுகிறது, பக்கவாதமா என்று உடனே பார்க்க வேண்டிய அறிகுறி. "ஹி கிளியர்லி டிட் நாட் ஸ்பீக்" என்றால் அவர் பேசவே இல்லை என்பது உறுதி. ஒரே ஐந்து சொல், ஒன்று மட்டும் இடம் மாறியிருக்கிறது.

இனி வகுப்பு தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். "தொடரை அதற்குரிய சொல்லின் பக்கத்தில் வை" என்பது புத்தகத்தின் ஒரே விதி. எல்லாவற்றையும் அதைக் கொண்டே தீர்க்கப் பார்க்கிறார்கள். அது செல்லாத இடங்கள் உண்டு. "ஹி டிட் நாட் டேக் த டேப்லெட் பிகாஸ் ஹி வாஸ் வாமிட்டிங்." ஒரு பொருள்: வாந்தி எடுத்ததால் சாப்பிடவில்லை. இன்னொன்று: சாப்பிட்டார், ஆனால் காரணம் வாந்தி அல்ல. இங்கே பிகாஸ் இடத்தில் குறையொன்றும் இல்லை. "நாட்" எதுவரை எட்டுகிறது என்பதுதான் சிக்கல். வினையை மட்டும் மறுக்கிறதா, காரணத்தையும் சேர்த்து மறுக்கிறதா? பிகாஸ் பகுதியை முன்னால் கொண்டுவந்தால் "நாட்" அதைத் தொட முடியாது: "பிகாஸ் ஹி வாஸ் வாமிட்டிங், ஹி டிட் நாட் டேக் த டேப்லெட்." புத்தகத்தில் இது ஒரே ஒரு பயிற்சியாக வருகிறது, விளக்கம் இல்லாமல் விடை மட்டும்.

"ஆல் த சூச்சர்ஸ் ஹேவ் நாட் பீன் ரிமூவ்டு" என்பதும் இப்படித்தான். ஒரு தையலும் எடுக்கவில்லையா, சில மிச்சமா? "நாட் ஆல்" என்று தொடங்கச் சொல்லிவிட்டு விடுகிறார்கள். நோட்ஸில் எண்ணிக்கை இருந்தால் எண்ணிக்கையையே எழுதுவது இன்னும் மேல்: "ஃபோர் ஆஃப் டென் சூச்சர்ஸ் ரிமெய்ன்." "நாட்"டே தேவைப்படாது.

இன்னொரு விடுபடல், "அண்ட்" போட்டுச் சேர்த்த பட்டியலின் கடைசியில் நிற்கும் தொடர். "ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் அண்ட் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் அட் நைட்." ஆஸ்பிரினும் இரவிலா? "ஹிஸ்டரி ஆஃப் டயபெட்டிஸ் அண்ட் ஹைப்பர்டென்ஷன் ஃபார் ஃபைவ் இயர்ஸ்." ஐந்து வருடம் எதற்கு, இரண்டுக்குமா? இது நர்ஸுகளின் தடுமாற்றம் மட்டும் அல்ல. 2016இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் லாக்ஹார்ட் வழக்கில் இதே கேள்வியைத்தான் விசாரித்தது. சட்டத்தில் மூன்று குற்றங்களை வரிசையாகச் சொல்லி, கடைசியில் "சிறார் அல்லது காப்பில் உள்ளவர் தொடர்பான" என்று ஒரு தொடர். அது மூன்றுக்கும் உரியதா, கடைசிக் குற்றத்துக்கு மட்டுமா? கடைசிக்கு மட்டும் என்று ஆறு நீதிபதிகள், மூன்றுக்கும் என்று இரண்டு பேர். குறைந்தபட்சம் பத்து ஆண்டு சிறை என்பது அந்த ஒரு தொடரின் இடத்தில் முடிவானது. சட்டம் படித்தவர்களே ஒருமனதாக வாசிக்க முடியாததை ஒரு டியூட்டி டாக்டர் சரியாக வாசிப்பார் என்று விட்டுவிட முடியாது. ஒவ்வொரு மருந்துக்கும் அதற்கான வேளையைத் தனியாக எழுதுங்கள்: "ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் இன் த மார்னிங் அண்ட் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் அட் நைட்." மூன்று சொல் கூடும், கூடட்டும்.

காற்புள்ளிக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கியிருக்கலாம். "த டேப்லெட்ஸ் விச் காஸ் டிரவுசினெஸ் ஷுட் பி ஸ்டாப்டு" என்றால் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளை மட்டும் நிறுத்து. விச்சுக்கு முன்னும் டிரவுசினெஸுக்குப் பின்னும் காற்புள்ளி வைத்தால் எல்லா மாத்திரையையும் நிறுத்து, அவை எல்லாமே தூக்கம் தருபவை. இடம் மாறாமலே பொருள் மாறுகிறது. வகுப்பில் இது கேள்வி கேட்டவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

பயிற்சிப் புத்தகத்தின் விடைப் பகுதியில் பிழைகள் இருக்கின்றன. அதைச் சொல்லியாக வேண்டும். "ஆஃப்டர் பீயிங் கிவன் த இன்ஜெக்ஷன், த பெயின் ரெடியூஸ்டு" சரியான விடை என்று அச்சாகியிருக்கிறது. ஊசி போட்டது வலிக்கு என்றாகும். நான்காம் வாரத்தில் தவறு என்று கற்றுத் தந்த அதே அமைப்பு. வகுப்பில் டீச்சர் வாயால் திருத்துகிறார். வீட்டிலிருந்து புத்தகத்தை மட்டும் பார்த்துப் படிப்பவர் தவறான விடையையே மனதில் ஏற்றிக்கொள்வார். அடுத்த பதிப்பில் இதை மாற்றுவது முதல் வேலையாக இருக்கட்டும்.

கடிதத் திருத்தம் எழுதியவரைப் பொறுத்து மாறுகிறது. டீச்சர் திருத்திய கடிதத்தில் வட்டமும் அம்புக்குறியும் இருக்கும்: இது இங்கே போக வேண்டும் என்று. உதவியாளர்கள் திருத்தியவற்றில் ஓரத்தில் "மாடிஃபையர்" (இன்னொரு சொல்லை விளக்கும் தொடர்) என்ற ஒரே சொல்தான். எது, எங்கே என்று கிடையாது. கடிதம் திரும்பி வரப் பத்து நாள் வரை ஆகிறது; அதற்குள் அடுத்த கடிதத்தில் அதே தவறு எழுதியாகிவிடும். பணம் கட்டும் முன்பே பத்துக் கடிதங்களில் எத்தனையை டீச்சர் நேரில் திருத்துவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் பாதியையாவது தானே பார்க்கிறேன் என்கிறார். அம்புக்குறி இல்லாமல் வந்த கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து அம்புக்குறி கேட்பதும் நியாயமே, தயங்க வேண்டாம்.

ஆறாம், ஏழாம் வாரங்கள் மாதிரிக் கடிதங்களைப் பார்த்து எழுதுவதில் கழிகின்றன. அந்த நேரத்தைப் பட்டியல் தொடருக்கும் "நாட்" எட்டும் தூரத்துக்கும் கொடுத்திருந்தால் இந்த வகுப்புக்கு மாவட்டத்தில் இணை இருக்காது. ஸ்பீக்கிங்குக்கும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இங்கே பழகும் ஒன்லி விதியைப் பேச்சிலும் பிடித்துக்கொண்டு நடுவில் தயங்கி நிற்கிறார்கள். பேச்சில் "ஐ ஒன்லி டுக் பாராசிட்டமால்" என்று பாராசிட்டமாலில் அழுத்தம் கொடுத்துச் சொன்னால் ஒருவரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். அது ஆங்கிலம் பேசுபவர்களின் இயல்பான வரிசையே. விதி கடிதத்துக்கு மட்டும்.

வகுப்பில் கற்றதைத் தேர்வு மேசையில் பயன்படுத்துவதற்கு 40 நிமிடத்தை ஏறக்குறைய இப்படிப் பிரிக்கலாம். ஏழு நிமிடம் எந்தத் தகவல் வேண்டும், எந்த வரிசையில் என்று குறிக்க. இருபத்தெட்டு நிமிடம் எழுத. கடைசி ஐந்து நிமிடத்தில் எழுத்துப் பிழை தேடாமல், அந்தப் பத்துச் சொற்களை மட்டும் தேடி ஒவ்வொன்றுக்கும் "ஆருக்க?" என்று கேட்க வேண்டும். முதலில் மருந்துப் பெயர் உள்ள வாக்கியங்கள், அடுத்து நாள் உள்ளவை, பிறகு இரண்டு மனிதர்கள் வரும் வாக்கியங்கள். நேரம் தீர்ந்தால் மற்றதை விட்டுவிடலாம். மருந்தும் நாளும் தப்பான இடத்தில் நின்றால் மொழிக்கான மதிப்பெண்ணோடு உள்ளடக்கத்துக்கான மதிப்பெண்ணும் போகும், ஏனென்றால் அங்கே பார்ப்பது தகவல் சரியா என்பதைத்தான்.

யாருக்கு இந்த வகுப்பு பொருந்தும்? சொல் வளமும் காலமும் ஓரளவு பிடிபட்டு, ஆனாலும் ரைட்டிங்கில் 250க்கும் 300க்கும் நடுவில் நிற்பவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். அவர்களில் பலருக்குத் தடையாக நிற்பது இந்த இடப் பிழைகள்தான். வினைமுற்றே தடுமாறுகிறவர்கள் முதலில் அடிப்படை இலக்கணத்துக்கு இரண்டு மாதம் வேறெங்காவது கொடுத்துவிட்டு வருவது நல்லது. இங்கே அதற்கு நின்று சொல்லித்தர நேரமில்லை. வாக்கியத்தை ஏற்கெனவே சுத்தமாகக் கட்டுபவர்கள் மூன்று, நான்கு, ஐந்து வாரங்களுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். இடமிருந்தால் 2,500 ரூபாய்க்குச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வகுப்பு மதியம் இரண்டரைக்குத் தொடங்குகிறது. நைட் டூட்டி முடித்தவர்கள் தூங்கி எழுந்து வர அது வசதி. நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சனிக்கிழமை மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் நெரிசல் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ரயிலில் வந்தால் குழித்துறையில் இறங்கி ஆட்டோ. முதல் நாள் உங்கள் மருத்துவமனையில் நீங்கள் எழுதிய ஹேண்டோவர் நோட்ஸில் இரண்டைக் கொண்டுபோங்கள். நோயாளியின் பெயர், ஐபி நம்பர், போன் நம்பர் எல்லாவற்றையும் அடித்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த இரண்டு தாளை வைத்தே டீச்சர் உங்கள் கை எந்த இடத்தில் வழுக்குகிறது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்.